மாடிப்படிக் காட்சியில் முரசு லூப்: பயம் ஏன் வரவில்லை?

எடிட்டர்_கதிர்:
குறும்படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். நள்ளிரவில் ஒரு பெண் மாடிப்படி இறங்கி வந்து, பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்கிறாள். ஒன்றரை நிமிடம், வசனமே இல்லை. முதல் ஷாட்டிலிருந்தே நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடும் முரசு லூப் போட்டு, கடைசியில் ஒரு பெரிய அடி வைத்தேன். பார்த்தவர்கள் டிரெய்லர் போல இருக்கிறது என்கிறார்கள். பயம் மட்டும் வரவில்லை. இன்னும் கனமான ஒலிகளை அடுக்க வேண்டுமா?

தொப்பிக்காரன்:
அடுக்காதீர்கள், கழற்றுங்கள். லூப் இரண்டு சுற்று ஓடியதுமே அடுத்த அடி எங்கே விழும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். பிறகு பார்ப்பவர் காலால் தாளம் போடுவாரே தவிர பயப்பட மாட்டார். ‘பதற்றம்’ என்ற பெயரில் கிடைக்கும் ஒலிக்கோப்புகளில் பாதி, ஓட்டப் பந்தயத்துக்குத்தான் பொருந்தும்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் (1808) மூன்றாம் பகுதி நான்காவதற்குள் நுழையும் இடத்தைக் கேட்டுப்பாருங்கள். தந்தி வாத்தியங்கள் அசையாமல் நிற்க, டிம்பானி என்ற பெரிய முரசு மட்டும் வெகுநேரம் மிக மெல்லிய ஒலியில் தட்டிக்கொண்டிருக்கும். ஓங்கி அடிப்பதே இல்லை. ஆனாலும் ஏதோ வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள் காட்சியில் தாளவாத்தியம் ஏற்கெனவே இருக்கிறது: அவளுடைய காலடி. முதல் பாதியில் அது மட்டும் போதும். பிறகு ஒவ்வொரு காலடியின் கீழும் ஒரு மெல்லிய, அடக்கிய முரசொலியைச் சேருங்கள். தனியாகக் கேட்கக் கூடாது, காலடி கனத்ததுபோல் மட்டும் தோன்ற வேண்டும். அவள் நிற்கிறாள். நின்ற பிறகு இன்னும் ஓர் அடி கேட்கட்டும். அதற்கடுத்த அடி விழ வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

மிக்ஸிங்_மேசை:
மேலே சொன்னதோடு ஒன்று. நீங்கள் வைத்த பெரிய அடி 40, 50 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியில் இருந்தால் கைப்பேசி ஸ்பீக்கரில் அநேகமாகக் காணாமல் போய்விடும். தோலில் கோல் படும் அந்தச் சடக்கென்ற ஓசையையும் சேர்த்து விடுங்கள். அது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். ரிவெர்ப் வாலையும் நறுக்குங்கள். எதிரொலி நீண்டால் அறை பெரிதாகிவிடும். உங்களுக்கு வேண்டியது இடுக்கு.

நடுநிசி:
சீரான தாளத்துக்குப் பயமுறுத்தத் தெரியாது என்பதை ஏற்க முடியாது. 60 வேகத்தில் தொடங்கி, யாரும் கவனிக்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு முட்டும். இதயத்துடிப்பு ஒலியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அலுத்துவிட்டது.

தொப்பிக்காரன்:
ஏறும் வேகத்துக்கு நானும் சம்மதம். ஆனால் ஷாட் மாறும் கட் ஒவ்வொன்றையும் அடியின்மேல் வைக்காதீர்கள். விநாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. அடியை மூன்று நான்கு பிரேம் தள்ளிப் போட்டாலே காட்சி நிலைகொள்ளாமல் தவிக்கும். கச்சேரியில் தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு செய்கிற வேலைதான்.

எடிட்டர்_கதிர்:
அவள் நின்ற பிறகு விழும் அந்த ஓர் அடியை வைத்துப் பார்த்தேன். அருகில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்! கடைசிப் பெரிய அடியை என்ன செய்வது?

தொப்பிக்காரன்:
கதவு திறக்கிறதா?

எடிட்டர்_கதிர்:
இல்லை.

தொப்பிக்காரன்:
அப்படியானால் எடுத்துவிடுங்கள்.