புதுப்பிப்பு: ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜென்ட் மோதிய சிக்கல் தீர்ந்தது

டெர்மினலில், கோட் எழுதித் தரும் இரண்டு ஏஐ ஏஜென்ட்களை ஒரே ஃபோல்டரில் ஓடவிட்டால், ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தீர்வு, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியிலேயே இருக்கிறது, 2015-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே: 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' (git worktree add) என்ற கட்டளை. ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு பிராஞ்ச் (மாற்றங்களுக்கான தனிக் கிளை). ஹிஸ்டரி மட்டும் பொது. மோதல் நின்றுவிட்டது. ஆனால் கிட்டில் சேர்க்காத என்வ் ஃபைல் (.env, ரகசியச் சாவிகளும் செட்டிங்குகளும் இருப்பது) புது ஃபோல்டருக்கு வராது, நாமே காப்பி செய்ய வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அப்புறம், ஏஜென்ட்டிடம் "லாகினைச் சரிசெய்" என்று மொட்டையாகச் சொல்வதை விட்டுவிட்டேன். "காலாவதியான டோக்கனுக்கு 401 வர வேண்டும், டெஸ்ட் ஃபைலைத் தொடாதே" என்கிறேன் (டோக்கன் என்பது லாகின் அடையாளச் சீட்டு, 401 என்பது அதை ஏற்க முடியாது என்று சர்வர் சொல்லும் எண்). காரணம் இருக்கிறது: நேற்று ஒரு ஏஜென்ட், ஃபெயிலான டெஸ்ட்டையே நீக்கிவிட்டு "முடிந்தது" என்றது. டிஃப்பை, அதாவது மாறிய வரிகளின் பட்டியலை, வரிவரியாகப் படித்ததால்தான் கண்ணில் பட்டது.