ஏஎஸ்/400 இலிருந்து தூரத்துச் சேவரில் கோப்பு இருக்கிறதா என்று அறிவது எப்படி?

கேள்வி:
வணக்கம். சுன்னாகத்தில் நான் பணிபுரியும் மொத்த வியாபார நிலையத்தின் கணக்கு முழுவதும் ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினியான ஏஎஸ்/400 இல், இப்போதைய பெயரில் ஐபிஎம் ஐ இல், ஓடுகிறது. கொழும்பிலுள்ள லினக்ஸ் சேவரில் இரவுதோறும் விற்பனைக் கோப்பு வைக்கப்படும். அதிகாலை 2 மணிக்கு கட்டளைகளை வரிசையாக ஓட்டும் எங்கள் சிஎல் நிரல் அதை எவ்ரிபி (FTP) என்ற கோப்புப் பரிமாற்ற முறை மூலம் எடுத்து, கணக்கில் ஏற்றும் ஆர்பிஜி நிரலிடம் கொடுக்கும். கடந்த செவ்வாயன்று கோப்பு வந்திருக்கவில்லை. ஆனாலும் எவ்ரிபி கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்ததால், முதல்நாள் கோப்பே மறுபடியும் கணக்கில் ஏறி, 40 மூடை சீனி விற்ற இடத்தில் 80 என்று பதிவாகிவிட்டது. பிழைச் செய்தியைப் பிடிக்கும் மொன்எம்எஸ்ஜி (MONMSG) கட்டளை போட்டும் பயனில்லை. எடுப்பதற்கு முன்பே அறிய வழியுண்டா?

பதில் 1:
தம்பி, உள்ளே கொடுத்த துணைக்கட்டளை தோற்றாலும் எவ்ரிபி கட்டளை ஒழுங்காக முடிந்ததாகவே சிஎல்லுக்குத் தெரியும். அதனால்தான் மொன்எம்எஸ்ஜி எதையும் பிடிக்கவில்லை. எவ்ரிபிக்கான துணைக்கட்டளைகளை வைத்திருக்கும் இன்புட் கோப்பை மாற்றிக் கொடுப்பதுபோல, அதன் பதில்கள் பதிவாகும் அவுட்புட் கோப்பையும் ஓவிஆர்டிபிஎஃப் (OVRDBF) கட்டளை கொண்டு ஒரு மெம்பருக்கு (கோப்பினுள் தரவு இருக்கும் பகுதிக்கு) திருப்பி, கோப்பை எடுக்கும் கெட் கொடுப்பதற்கு முன் பட்டியல் கேட்கும் எல்எஸ் கொடுத்து, பதிவான வரிகளை ஆர்பிஜியில் வாசியுங்கள். கோப்பு இல்லாதபோது சில சேவர்கள் 550 என்று பிழை எண்ணைப் பதிலாகத் தரும். சில, ஒழுங்காக முடிந்ததைக் குறிக்கும் 226 என்று சொல்லி வெற்றுப் பட்டியலைத் தரும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கோப்பின் பெயரையே தேடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அந்த மெம்பரையும், வந்திறங்கும் பழைய கோப்பையும் வெறுமையாக்குவது கட்டாயம்.

பதில் 2:
பெயர் தெரிவதால் கோப்பு முழுமையாக வந்துவிட்டது என்று கொள்ள முடியாது. ஏறிக்கொண்டிருக்கும் கோப்பும் பட்டியலில் நிற்கும். தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் உரிய பெயருக்கு மாற்றும்படி அனுப்புபவர்களைக் கேளுங்கள். எவ்ரிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகிறது என்பதால், இயன்றால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எவ்ரிபிக்கு (SFTP) மாறிவிடுங்கள். அதைத் தொகுதி முறையில் (கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, ஆள் தலையீடின்றி) ஓட்டும்போது எல்எஸ் தோற்றால் வேலை அங்கேயே நின்று, தோல்வியைக் காட்டும் பூச்சியமல்லாத முடிவு எண் கிடைக்கும். ஆனால் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுச்சோடி (ஒன்றுக்கொன்று பொருந்தும் இரு மின்னணுத் திறவுகள்) அமைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். முதலில், பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருந்தும் என் நிரல் இல்லையென்றது. நான் பெரிய எழுத்தில் தேட, லினக்ஸில் அது சிறிய எழுத்தில் இருந்தது. திருத்தியபின் நேற்றிரவு 2 மணிக்குக் கோப்பு இல்லையென்று அறிந்து, பத்து நிமிடத்துக்கொரு முறை பார்த்து, 2.40க்கு எடுத்துக்கொண்டது. பெயர் மாற்றி ஏற்றக் கொழும்பில் சம்மதித்துவிட்டார்கள். திறவுச்சோடி வேலையை இந்த வார இறுதியில் தொடங்குகிறேன்.