டர்பன் ஈரக்காற்றில் தோனெட் நாற்காலி

கேள்வி (சாட்ஸ்வொர்த்): வளைந்த மரமும் பிரம்புப் பின்னலுமாக ஒரு பழைய நாற்காலி வாங்கினேன். வியன்னாவின் தோனெட் கம்பெனி செய்தது என்றார் கடைக்காரர். பாட்டியின் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போட ஆசை. அசல்தானா? இருக்கை தொய்ந்திருக்கிறது.

பதில் (ஃபீனிக்ஸ்): அக்கா, இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா பாருங்கள். 1859-இல் வந்த 14-ஆம் எண் மாதிரி என்றால் ஆவியில் வளைத்த பீச் மரம், ஆறே துண்டு, திருகாணியில் பூட்டியது. தோனெட்டின் காப்புரிமை 1869-இல் முடிந்ததும் கோன் என்ற இன்னொரு கம்பெனியும் இதே மாதிரி செய்தது. அதுவும் நல்ல சரக்குதான். தயவுசெய்து பழைய மெருகைச் சுரண்டாதீர்கள், அழகே அதில்தான்.

பதில் (டோங்காட்): பின்னல் அறுபடவில்லையென்றால் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்துக் காயவிடுங்கள், இறுகும். அப்புறம், ஊசித்துளையும் புதுத் தூளும் தெரிந்தால் வீட்டுக்குள் வேண்டாம், பூச்சி.

கேள்வி கேட்டவர்: தூள் இல்லை. கோன் சீட்டு இருக்கிறது!