மாமாவுக்காக என் பெயரில் லோன் எடுக்கச் சொல்கிறார்கள், முடியாது என்று எப்படிச் சொல்வது?

தஞ்சைப்பொண்ணு:
எனக்கு வயது 24. சிறுசேரியில் வேலை, கையில் வருவது 32,000. ஹாஸ்டலுக்கு 8,500, வீட்டுக்கு 10,000 போக மிச்சத்தில்தான் மாதம் ஓடுகிறது. என் தாய்மாமா கடையைப் பெரிதாக்க என் பெயரில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார், தவணையை மாதாமாதம் அவரே போட்டுவிடுவாராம். போன வருஷம் என் கிரெடிட் கார்டில் அவருக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்து, கடைசி நான்கு தவணையை நான்தான் கட்டினேன், கேட்க வாய் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள், காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் 45,000 கட்டியதும் அவர்தான். அதனால்தான் அம்மா "மாமாகிட்டயே கணக்குப் பார்க்கிறியா" என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்பள ஸ்லிப் அனுப்ப வேண்டுமாம். என்ன சொல்வது?

பேரேடு:
ஸ்லிப்பை அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் எடுத்தால் கடன்காரர் நீங்கள்தான், மாமா என்று ஒருவர் இருப்பதே வங்கிக்குத் தெரியாது. 14 சதவீத வட்டியில் 3 வருஷம் என்றால் மாதம் சுமார் 10,250 வரும், உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தவணை தவறினாலும் உங்கள் சிபில் ஸ்கோரில்தான் விழும், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண் அது. சரி, ஜாமீன் கையெழுத்தாவது போடு என்று அடுத்து கேட்பார்கள், அதுவும் லேசானது இல்லை: 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-ன்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நான் அண்ணன் முறை ஒருவருக்குப் போட்டேன். எட்டாவது மாதம் அவர் போனை எடுப்பதை நிறுத்தினார், அப்புறம் என் ஆபீஸ் நம்பருக்கு வசூல்காரர் பேச ஆரம்பித்தார்.

வைகைக்கரை:
ஃபீஸ் கட்டிய மனுஷனுக்கு ஒரு கஷ்டத்தில் உதவக்கூடாதா? எல்லாவற்றுக்கும் சட்டம் பேசினால் சொந்தம் எதற்கு?

மீனாட்சி அக்கா:
உதவலாம் தம்பி, தன்னால் முடிந்ததை. இது கஷ்டமும் இல்லை, கடையைப் பெரிதாக்குவது. தங்கச்சி, அந்த 45,000 உன் மனசை அரிக்கிறது என்றால் மாதம் 2,000 வீதம் மாமாவுக்கே கொடுத்துவிடு, அது வேறு கணக்கு, அதையும் இந்த லோனையும் ஒரே முடிச்சாகப் போட விடாதே. அம்மா மூலம் சொல்லி அனுப்பாதே, அங்கே போவதற்குள் உன் வார்த்தை வேறாகிவிடும். நீயே போன் பண்ணு. "மாமா, என் பெயரில் லோன் எடுக்க மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன்." அவ்வளவுதான். காரணம் சொல்லாதே, ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். சம்பளம் பத்தாது என்றால் 2 லட்சம் போதும் என்பார், ஆபீஸில் விட மாட்டார்கள் என்றால் எனக்குத் தெரிந்த ஏஜென்ட் இருக்கிறார் என்பார். எனக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வர 31 வயதாயிற்று, அதற்குள் நகை இரண்டு முறை அடகுக்குப் போய்விட்டது.

தஞ்சைப்பொண்ணு:
நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று பேசிவிட்டேன். அக்கா சொன்னதைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டேன், கை நடுங்கியதில் பேப்பர் சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பின்னால் ஷட்டர் இறக்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் "சாப்டியாம்மா" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன், வைத்துவிட்டார். அம்மாதான் இன்னும் பேசவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், முதல் 2,000-ஐ மாமா கடைக்கே போய்க் கையில் கொடுக்கப் போகிறேன்.