புதுப்பிப்பு: மஜ்ஜை தானம் முடிந்து கடலூர் வந்தாச்சு

கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்து, மஜ்ஜை தானத்துக்குப் பதிவு செய்ததைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். "அப்புறம் கூப்பிட்டார்களா?" என்று பலர் கேட்டீர்கள். கூப்பிட்டார்கள். யாரோ ஒரு நோயாளியுடைய எச்.எல்.ஏ. (செல்களின் மேலிருக்கும், பொருத்தம் பார்க்க உதவும் அடையாளப் புரதங்கள்) என்னுடையதோடு பொருந்தியிருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே நாலில் ஒரு வாய்ப்புதான், யோசித்துப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையைவிட அம்மாவைச் சமாளித்ததுதான் பெரும்பாடு. மஜ்ஜை என்றதும் முதுகுத்தண்டில் குத்தி உறிஞ்சிவிடுவார்கள் என்று ஒரே அழுகை. மஞ்சக்குப்பம் சித்தி வேறு, "படுத்த படுக்கையா ஆயிடுவான்க்கா" என்று தூபம் போட்டார். ஊசியால் மஜ்ஜையையே எடுப்பதானாலும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை.

எனக்கு அதுவும் இல்லை. மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்கள்) ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அவை ரத்தத்தில் பெருக 5 நாள் ஊசி. மூன்றாம் நாள் இடுப்பும் முதுகும் விஷக்காய்ச்சல் மாதிரி வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பாராசிட்டமால் போட்டேன். பிறகு சென்னையில் ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரம் செல்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சம் மறு கை வழியே திரும்பியது. சுமார் 4 மணி நேரம். நடுவில் உதடு குறுகுறுத்தது. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தால் வருவதாம், கால்சியம் கொடுத்தார்கள்.

காசு வாங்கினாயா என்று கேட்டவருக்கு: இல்லை. யாருக்குப் போனதென்றும் தெரியாது.

இப்போது தம்பியும் பதிவு செய்யணுமாம். அம்மாவிடம் அவனே பேசிக்கொள்ளட்டும்.