எலி ஈரல் செல்லில் எச்ஜிஎஃப் வருகிறது, வழி சொல்லுங்கள்

ஊட்டியில் பிஎச்டி செய்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். எலி ஈரலில் கொலாஜினேஸ் (செல்களைப் பிணைக்கும் கொலாஜனை அறுக்கும் நொதி) செலுத்தி ஹெபடோசைட்டுகளை, அதாவது ஈரலின் முக்கியச் செல்களை, தனியாகப் பிரித்தேன், ஆனால் ஆர்டி-பிசிஆரில் (செல்லில் எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் சோதனை) எச்ஜிஎஃப், அதாவது ஈரல் செல்லை வளரத் தூண்டும் புரதத்தின் மரபணு, பளிச்சென்று தெரிகிறது. இது வரக் கூடாதே! ஈரலில் அந்தப் புரதத்தைச் சுரப்பது ஸ்டெல்லேட் என்ற வேறுவகைச் செல்லும் நுண்குழாய்களின் உட்சுவர் செல்லும்தான், ஹெபடோசைட்டில் இருப்பது அதை வாங்கிக்கொள்ளும் மெட் ஏற்பி. ஆக, ஸ்டெல்லேட் கலந்திருக்கிறது என்பது என் சந்தேகம். ஹெபடோசைட்டை மட்டும் அடியில் படியவைக்க 50 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு விசையில்) மூன்று முறை சுழற்றியாயிற்று (இந்தக் குளிரில் பஃபரை 37 டிகிரிக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு, அது தனிக்கதை). அடுத்து பெர்கால் (செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் கரைசல்) போடலாமா, இல்லை டெஸ்மின் பிரைமர் (ஸ்டெல்லேட் செல்லின் அடையாளமான டெஸ்மினை பிசிஆரில் தேட உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்துக் கலப்படத்தை முதலில் பார்த்துவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் யாரிடமாவது அந்தப் பிரைமர் கொஞ்சம் மிச்சமிருந்தால் நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.