எம்ஜிபி காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
எனது 1967ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிகிறது. வேகத்தடையைத் தாண்டினால் வண்டி மூன்று முறை ஆடி அடங்குகிறது. பழைய நெம்புகோல் வகையையே (ஒரு கை அசைந்து எண்ணெயைத் தள்ளி ஆட்டத்தைத் தணிப்பது) புதுப்பிப்பதா, டெலஸ்கோபிக் வகைக்கு (குழாய்க்குள் தண்டு நீண்டு சுருங்குவது) மாறுவதா?

பதில் 1:
ஐயா, புதுப்பிப்பதே நல்லது. முன்பக்கத்தில் அந்த நெம்புகோலே சஸ்பென்ஷனின் மேல் விஷ்போனாகவும் (சக்கரப் பகுதியை வண்டியோடு இணைக்கும் மேல் கை) இயங்குவதால், அதை வெறுமனே கழற்றி எறிந்துவிட முடியாது. எண்ணெயை மட்டும் நிரப்பினால் மீண்டும் கசியும். நெம்புகோல் திரும்பும் தண்டின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தால் புதிய சீலும் (எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையம்) நிலைக்காது என்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

பதில் 2:
பின்பக்கத்திற்கு டெலஸ்கோபிக் பொருத்தலாம். ஆனால் நம் ஊர்ச் சாலைக் குழிகளுக்கு மிகக் கடினமானவற்றைத் தவிர்த்து, இடமும் வலமும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முன்பக்கத்தைப் புதுப்பித்து ஓட்டிப் பார்த்தபின் பின்பக்கத்தைத் தீர்மானிக்கிறேன்.